பழைய மெஷினுக்கு மானியம் இல்லை

அம்மோனியா வாசனைக்கு முன்னுரை கிடையாது. மல்லிகை மாதிரி மெல்ல வந்து தோளைத் தொடாது. நேராக மூக்குக்குள் இறங்கும், கண்ணில் நீர் வரவழைக்கும், அப்புறம்தான் தன் பெயரைச் சொல்லும்.

போன செவ்வாய்க்கிழமை காலை. திருவிடந்தை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஈசிஆர் சாலையைக் கடந்து, கடல் பக்கமாக ஒரு சவுக்குத் தோப்பு நீளம் நடந்திருப்பேன். வந்துவிட்டது.

அடுத்த நொடி நான் செங்கல்பட்டில் இருந்தேன். கல்லூரி, இரண்டாம் ஆண்டு, கெமிஸ்ட்ரி லேப். பாட்டிலில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். மூடியைத் திறந்து, மூக்குக்கு நேரே வைத்து, ஆழமாக ஒரு மூச்சு... அவ்வளவுதான். பக்கத்து டேபிள் பெண் என் காலரைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கையால விசிறி மோந்து பாக்கணும்னு சொன்னாங்கல்ல? காதுல இன்னா வச்சிருந்த?"

"உனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்றேன், இருமலுக்கு நடுவே.

"எங்க வூட்டாண்ட இதான் ஊதுவத்தி."

அந்தப் பெண்தான் கோமளா. அவள் அப்பா கடலோரத்தில் ஐஸ் பேக்டரி வைத்திருந்தார்; அங்கே ஐஸை உறையவைப்பது அம்மோனியாதான். அவருக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக அவள் நடத்துகிறாள். நான் கெமிஸ்ட்ரியில் இரண்டு பேப்பரை அரியர் வைத்துவிட்டுக் கவிதைப் பக்கம் ஒதுங்கியவன். எங்களில் யார் உருப்பட்டது என்று அவளைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

நான் போனது சுயநலத்துக்கு. வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் ஒரு கூட்டம். தனியார் கம்பெனிகளுக்கு அரசு மானியம் கொடுக்கலாமா, எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாமா என்று இரண்டு பக்கமும் ஆள் பேச வேண்டும். எனக்குச் சந்தைப் பக்கம் விழுந்திருந்தது. சந்தைக்காகப் பேச ஒரு கவிஞனிடம் என்ன இருக்கிறது? பட்ஜெட் உரையில் மேற்கோள் கவிதை தவிர வேறெதுவும் எனக்குப் புரிந்ததில்லை.

ஆனால் கோமளா இருக்கிறாளே. அரசாங்கத்திடம் ஒரு ஆணிகூட வாங்காதவள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் மானியத்தில் எழும்பிய பெரிய ஐஸ் கம்பெனியைப் பார்த்தபடியே தினம் ஷட்டரைத் தூக்குகிறவள். இரண்டு வரி சோகம், ஒரு வரி கோபம், கைதட்டல் நிச்சயம் — பஸ்ஸிலேயே பேச்சு தயாராகிவிட்டது.

கேட்டைத் தாண்டினேன். கோமளா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலில் ஒரு ஃபைல். பக்கத்தில் செங்கல்பட்டு ஆடிட்டர் சுந்தர் — வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருக்கும் இளைஞர்.

"இன்னா கவிஞரே, சாவுக்கு வந்தியா?" என்றாள் கோமளா.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"மெஷினுக்கு. மூணு மணிக்கு ஈபிக்காரரு வந்து கரண்ட் கனெக்‌ஷன எடுத்துடறாரு. அதோட சரி."

எதிர்க் கம்பெனி ஜெயித்துவிட்டதா? என் பேச்சின் கடைசிப் பத்தி இன்னும் சோகமாகலாமே என்று ஒரு ஓரத்தில் தோன்றியதையும் மறைக்கவில்லை. எழுதுகிறவன் புத்தி அப்படி.

"மூடறதுக்கு இல்ல சார்," என்றார் சுந்தர். "மானியத்துக்கு."

விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஸ் பேக்டரி வைக்க அரசாங்கம் மானியம் தருகிறது. மெஷின் விலையில் ஒரு பங்கு. கரண்டில் சலுகை. ஆனால் புது யூனிட்டுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடுகிற யூனிட்டுக்கு இல்லை. பழைய மெஷினுக்கு இல்லை, பழைய பெயருக்கும் இல்லை. ஆகவே கோமளாவின் பேக்டரி முதலில் முறைப்படி சாக வேண்டும். பிறகு அதே கூரையின் கீழ், புது மெஷினோடு, அவள் மகள் பெயரில் பிறக்க வேண்டும். மறுநாள் காலை அதிகாரி வந்து பார்க்கும்போது இங்கே எதுவும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய யூனிட்டை ஒப்படைக்கும் தாள்தான் ஸ்டூலில் இருந்தது. மகள் கையெழுத்திட வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. தாய் பாக்கி.

"இருவத்திரண்டு வருசம் யார்கிட்டயும் கை ஏந்தாம ஓட்டினேன்ல," என்றாள் கோமளா. "அதான் நான் பண்ண தப்பாம்."

"அப்படி இல்ல மேடம், ஸ்கீமே புதுசா வர்றவங்களுக்கு..."

"தெரியுதுப்பா. எம்பொண்ணு மறைமலைநகர்ல கார் பார்ட்ஸ் கம்பெனில வேல செய்யறா. ஐஸ்னா அவளுக்கு ஜூஸ்ல போடறது. அவதான் ஓனராம். பொம்பளைங்களுக்குச் சலுக ஜாஸ்தியாம். நானும் பொம்பளதான். ஆனா பழைய பொம்பள."

"கையெழுத்துப் போடலைன்னா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்தாள். "வா. எதிராளிய பாத்துட்டு வரலாம்."

கடல் பக்கத்திலிருந்து மீன் ஏலச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான். மணலில் ஒரு வஞ்சிரம் கிடந்தது, நீலம் இன்னும் உடம்பை விட்டுப் போகாமல். சுற்றிலும் கூடையோடு பெண்கள். ஒருத்தி ஒரு எண் சொன்னாள். அது இன்னொருத்தியின் புருவத்தில் பட்டு உயர்ந்தது. மூன்றாவதாக ஒருத்தி கடலைப் பார்த்தாள் — பின்னால் இன்னும் இரண்டு படகு வருகிறது — விலை கொஞ்சம் இறங்கியது. யாரும் உத்தரவு போடவில்லை. எங்கோ சென்னையில் ஒரு வீட்டில் இன்று விருந்து, இன்னொரு வீட்டில் விரதம்... அத்தனையும் சேர்ந்து இந்த மணலில் ஒரு எண்ணாக முளைக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் எதிர்க் கம்பெனிக்குள் நுழைந்ததும் அதே புல்லரிப்பு வந்தது. அதுதான் சங்கடம்.

வெள்ளைச் சுவர். எவர்சில்வர் தொட்டிகள். தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கோபுரம் உறுமியது, பிறகு அதன் வாயிலிருந்து ஐஸ் கொட்டியது... விரல் நீளக் குழாய்களாக, கண்ணாடி வளையலை உடைத்துக் கொட்டுகிற சத்தத்தோடு, நிற்காமல். உலகத்திலேயே சுத்தமான மழை அது. நான் வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன் போலிருக்கிறது. கோமளா முழங்கையால் இடித்தாள்.

"நல்ல ஐஸு. பொய் சொல்லக் கூடாது. குடிக்கற தண்ணில போடறாங்க."

"விலை?"

"எனக்குக் கரண்டுக்கு ஆவறதே அவங்க விக்கற வெல."

எங்கோ ஓர் அலுவலகத்தில், ஏசி அறையில், ஒரு கோப்பின் கடைசிப் பக்கத்தில் யாரோ பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்து இங்கே பனிக்கட்டியாக விழுந்துகொண்டிருக்கிறது. கடலோரத்து வெயிலில், சவுக்குத் தோப்புக்கு நடுவே! அரசாங்கம் என்பதைப் பற்றி நாம் எவ்வளவோ கேலி பேசுகிறோம். நினைத்தால் அது மணலில் பனி பெய்ய வைக்கும். அதே கையெழுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷினை நிறுத்தவும் செய்யும் — அது கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

திரும்பி நடக்கும்போது கோமளா என் கேள்விக்குப் பதில் சொன்னாள். "போடலன்னா மழக்காலம் வரைக்கும் தாங்குவேன். அப்புறம் அவங்க மட்டும்தான் இந்தக் கரைல."

பேக்டரிக்குள் ஏகாம்பரம் இருந்தார். கோமளாவின் அப்பா காலத்திலேயே வந்து சேர்ந்த ஆப்பரேட்டர். பேச்சு குறைவு. மெஷின் பேசுகிற இடத்தில் வேலை செய்பவர்கள் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். மரப்பலகை மூடிய பெரிய தொட்டியின் மேல் செருப்பில்லாமல் நின்று, கடைசி ஈடு ஐஸை எடுத்துக்கொண்டிருந்தார். பலகைக்குக் கீழே உப்புத் தண்ணீர், பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்து கிடக்கும், அது உறையாது. அதற்குள் இறக்கிவைத்த தகரக் கேன்களில் இருக்கிற நல்ல தண்ணீர்தான் உறைந்து கல்லாகும். கேன்களைச் சங்கிலியால் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தார். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஐஸ் பார்கள், வரிசையாக, ஒரு பெருமூச்சு மாதிரி வழுக்கி வெளியே வந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளையாக ஒரு இறகு.

அப்போதுதான் தேசிங்கு வந்தான். ஃபைபர் படகுக்காரன். மதியத்துக்கு மேல் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்புகிறவன். மீன்பாடி வண்டியை கேட்டுக்குள் விட்டு, கோமளாவைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"வாடா எதிர்க் கட்சி," என்றாள் கோமளா. "எங்க, உங்க கம்பெனில ஐஸ் தீந்துபோச்சா?"

"அத்த வுடு அக்கா. பேஜாராப் பூட்ச்சி."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கோமளாவின் பேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. போர்டில் எழுதவில்லை, யாரும் ஒப்பந்தம் போடவில்லை, அவள் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. ஐஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போன படகு வெறுங்கையோடு திரும்பினால் அந்த முறை எடுத்த ஐஸுக்குக் காசு கிடையாது. கடன் கிடையாது, பிறகு தருவதும் கிடையாது. கேட்டில் வந்து "பாடு இல்ல" என்று சொன்னால் முடிந்தது. பாடு என்றால் வலையில் விழுந்த மீன்.

"பொய் சொல்ல மாட்டாங்களா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"சொல்லுவான். ஆனா அவன் பொண்டாட்டி கரைல கூடைய கவுத்துப் போட்டு உக்காந்துகினு கீறாளே, அது ஊருக்கே தெரியுமே," என்றாள்.

தேசிங்கு போன வாரம் விலை குறைவு என்று எதிர்க் கம்பெனியில் ஐஸ் எடுத்தான். போனை நீட்டி முன்பணமாகக் கட்டினான். இரவெல்லாம் கடலில் கிடந்து, காலையில் நாலு ஜெல்லி மீனோடு திரும்பினான். நேராகக் கம்பெனி கவுண்டருக்குப் போனான், உரிமையோடு, காசைத் திரும்ப வாங்க.

"பாடு இல்லம்மான்னேன் சார்," என்று என்னிடம் நியாயம் கேட்டான். "அந்தப் பொண்ணு, 'ஐஸ்ல எதனா கம்ப்ளெயிண்டா சார்'ங்குது. ஐஸ் நல்லாத்தாம்மா இருந்துச்சி, மீன்தான் இல்லன்னேன். அது பேய் முழி முழிக்குது. மேனேஜர் வந்தாரு. மரியாதயாத்தான் பேசினாரு. 'மீன் எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க'ன்னுட்டாரு."

கோமளா சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. சுந்தர் ஃபைலைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்காதக்கா. கவர்மெண்டு துட்ட வாங்கிகினு கம்பெனி நடத்தறான், ஒரு நாள் ஐஸுக்கு மனசு வரல. அவனுக்கு எதுக்கு மானியம்ங்கறேன்?"

"உன் என்ஜின்ல ஊத்தறியே மண்ணெண்ண, அது உன் மாமியாரு வூட்ல இருந்து வருதா?"

தேசிங்கு தலையைச் சொறிந்தான். படகுக்கு ஊற்றுகிற எண்ணெயில் மானியம் உண்டு. கோமளா என் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னாத்துக்கு வந்த? ஒரு வேல இல்லாம வர மாட்டியே."

சொன்னேன். சந்தைக்காகப் பேசப் போகிறேன் என்றேன். மானியம் எல்லாரையும் சோம்பேறியாக்கும், சந்தைதான் நிஜம் என்று பஸ்ஸில் தயாரித்த இரண்டு வாக்கியத்தைக்கூடச் சொல்லிக் காட்டினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உன் கவித புக்க யாரு வாங்கறா?" என்றாள்.

வாசக அன்பர்களே, உங்களில் சிலர் வாங்கியிருக்கிறீர்கள். பெயர் சொல்லும் அளவுக்குத்தான் எண்ணிக்கை. மற்றபடி என் புத்தகங்களை அச்சடிக்கும் பதிப்பாளர் வருஷா வருஷம் வானத்தைப் பார்ப்பது போல எதிர்பார்ப்பது அரசு நூலக ஆர்டரைத்தான். அது வந்தால் நான் கவிஞன். வராவிட்டால் அரியர் வைத்த கெமிஸ்ட்ரி மாணவன். தமிழ்நாட்டின் ஏதோ ஒரு கிளை நூலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, யாராலும் பிரிக்கப்படாமல் என் கவிதை தூங்குகிறது என்றால், அது மானியத் தூக்கம்.

"கவர்மெண்டு," என்றேன்.

"போய்ப் பேசு," என்றாள்.

(அந்தக் கூட்டத்தில் என்ன பேசினேன் என்று கடிதம் போடாதீர்கள். இருமல் என்று சொல்லிவிட்டேன்.)

பேச்சிலேயே மணி இரண்டரை ஆகிவிட்டது. சுந்தர் மட்டும் சிரிக்கவில்லை. தேசிங்கு கதை அவரைச் சிரிக்க விடவில்லை. பேனாவை மூடினார்.

"மேடம், இந்தப் பாடு இல்லாத ஐஸ் விஷயம்... எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"அது இன்னா சொல்றதுக்கு கீது?"

"புது யூனிட்ல இது நடக்காது. பேங்க் லோன் மேடம். ஒவ்வொரு பாருக்கும் பில் வரணும். சும்மா குடுக்கறோம்னு தெரிஞ்சா லோன் போயிடும். லோன் போனா மானியமும் போயிடும். இதை விட்டுடுங்க. இத்தனை நாள் குடுத்தீங்க, போதும்."

கோமளா கையெழுத்துக்காகக் கையில் வைத்திருந்த பேனாவை ஸ்டூலில் வைத்தாள். சத்தம்கூட வரவில்லை.

"அப்ப கையெழுத்து இல்ல."

பின்னால் மெஷின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் பேக்டரி பிழைக்கும், வழக்கம் போகும். போடாவிட்டால் மழைக்காலத்தோடு இரண்டுமே போகும். இவ்வளவு எளிய கணக்கு அது. இருந்தும் அவள் முகத்தைப் பார்த்தால், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிடுவாள் என்றே தோன்றியது. சுந்தர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடி கழற்றினார். தேசிங்கு, "எங்களுக்காக எதுக்குக்கா..." என்று ஆரம்பித்தான். "நீ சும்மா கெட," என்றாள்.

தொட்டியின் மேலிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது. அன்று முழுக்க அவர் பேசிய முதல் வாக்கியம்.

"ஐஸ் தானே சார். உருகிடுச்சின்னு எழுதுங்க."

சுந்தர் நிமிர்ந்தார்.

"எல்லா ஐஸ் பேக்டரிலயும் உருகற சேதாரம்னு ஒண்ணு வரும்ல," என்றார் ஏகாம்பரம், கேனைச் சாய்த்துக்கொண்டே. "எங்களுதுல கொஞ்சம் ஜாஸ்தி உருகும். கடலோரம். உப்புக் காத்து."

சுந்தர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பிரித்து, புது யூனிட்டின் சேதாரக் கணக்குப் பக்கத்தைத் தேடி எடுத்து, அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு எண்ணை அடித்துவிட்டுக் கொஞ்சம் பெரிய எண்ணை எழுதினார். பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். மூன்று பேனாவில் எதை எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

அரசாங்கத்துக்கு ஒரு சட்டம், பேங்குக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று... இந்த மூன்றுக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாத ஒரு சின்ன இடைவெளியில், ஒரு கரை முழுக்க ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குத் தலைப்பு கிடையாது, திட்டம் கிடையாது, திறப்பு விழா கிடையாது. தணிக்கையில் அதன் பெயர் சேதாரம். முப்பது வருஷம் எழுதியும் அப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை.

கோமளா கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுசாக, கோமளவல்லி என்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி எழுதினாள். பிறகு எழுந்து போய் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

ஏகாம்பரம் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினார். கடைசியாக சுவிட்ச். பெல்ட் உடனே நிற்கவில்லை, யோசித்து யோசித்துச் சுற்றி, நின்றது. அந்த இடத்தில் கடல் சத்தம் கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஏகாம்பரத்துக்கும் தெரியாது போலிருக்கிறது. கழுத்தைத் திருப்பி, யார் அது என்பது போலப் பார்த்தார்.

கடைசிப் பார்கள் தேசிங்குவின் வண்டியில் ஏறின. கோணி போட்டு மூடினான். ஈபிக்காரர் வந்துவிட்டார். நானும் பஸ்ஸுக்குக் கிளம்ப, ஈசிஆர் வரை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி தேசிங்கு பக்கத்தில் இடம் கொடுத்தான். வண்டியைக் கிளப்பாமல் திரும்பினான்.

"புது மெஷினு எப்பக்கா ஓடும்?"

"ஒண்ணர மாசம் ஆவும்."

"அதுவரைக்கும்?"

"எதிர்ல எடு. நல்ல ஐஸு."

"பாடு இல்லன்னா?"

கோமளா வண்டிக்கு அருகே வந்து, கோணியை இழுத்து ஐஸின் ஓரத்தைச் சரியாக மூடினாள். கடலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வெறுங்கையோட வராத."